சாவி திரும்புகிறது, வண்டி கிளம்பவில்லை!



சென்ற இதழில் மழைக்காலத்தில் பருப்பில் வண்டு விழாமல் வைப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை மோட்டார் கார்! "இவளுக்கு என்ன ஆச்சு? அடுப்படியை விட்டு ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டாளா?" என்று சிரிக்காதீர்கள். போன ஐப்பசி மாசம் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால், நீங்களும் இன்று ராத்திரியே எழுந்து போய் பீரோவைத் திறந்து பார்ப்பீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது 2009-ம் வருஷத்துச் சின்னக் கார். இரண்டாம் கையாக வாங்கினோம். என் கணவருக்குச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு பிடித்துக் கொடுக்கிற வியாபாரம். ஆத்தூரிலிருந்து பெத்தநாயக்கன்பாளையம், தலைவாசல் என்று அவர் அலைவது அந்த வண்டியில்தான். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டிப் புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம். அப்படிப் புதுப்பித்து, "கிழவியானாலும் உழைக்கிறாள்" என்று ஓட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடு கழுவி விடும்போது, பிரிட்ஜ் மேலிருந்த கார் சாவி என் கை பட்டுக் கீழே விழுந்தது. மொசைக் தரை. சாவியின் கறுப்புத் தலைப்பாகம் இரண்டாகப் பிளந்து கொண்டது. சாயங்காலம் அவர் வந்து சேர்த்து அழுத்தி, மேலே ஒரு ரப்பர் பாண்டு போட்டார். பட்டனை அழுத்தினார், கார்க் கதவு "டிக்" என்று பூட்டிக்கொண்டது. "ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டார். சனி, ஞாயிறு மழை. வண்டி எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு என் அத்தைக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயசு. ஈரக் காற்று வந்தால் எப்போதும் கொஞ்சம் இழுக்கும். அன்றைக்கு உட்கார்ந்து பேசக்கூட முடியவில்லை; உதடு நீலம் பாரித்துவிட்டது. அவர் ஓடிப்போய் வண்டியை எடுத்தார். "கர்ர்ர்" என்று சுற்றியது. ஒரு உறுமல் உறுமியது. இரண்டே விநாடியில் அணைந்தது. மறுபடி சாவி. மறுபடி உறுமல். மறுபடி அணைந்தது. பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர் வந்து தெருமுனை வரை தள்ளினார்கள். ஊஹூம்!

இருபது நிமிஷம் இப்படியே போயிற்று. அந்த இருபது நிமிஷம் அத்தை என் தோளில் சாய்ந்து மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். என் மகள்தான், "அம்மா, 108-க்குப் போன் பண்ணுங்க" என்று கத்தினாள். நம் தமிழ்நாட்டில் 2008-லிருந்து இருக்கிற சேவை அது. இருந்தும் அந்தப் பதற்றத்தில் எங்களுக்குத் தோன்றவில்லையே! வண்டி வந்தது, ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஆஸ்பத்திரியில் நெபுலைசர் கொடுத்தார்கள். விடிகாலையில் அத்தை காபி கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

சகோதரிகளே, முதல் பாடம் இதுதான். வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறலோ, மார்வலியோ வந்தால் சொந்த வண்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு தடவை கிளம்பவில்லையென்றால் உடனே 108. வண்டியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் மெக்கானிக் தம்பி வந்தார். நல்ல பையன். பிளக்குகளைக் கழற்றிப் புதுசு போட்டார். கிளம்பவில்லை. பாட்டரி பழசு என்று புதுசு வாங்கினோம். கிளம்பவில்லை. பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகப்பட்டார். வியாழக்கிழமை தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, கம்ப்யூட்டர் பாக்ஸ் போயிடுச்சு போலிருக்கு. சேலம் கொண்டு போகணும். பதினெட்டாயிரம், இருபதாயிரம் ஆகும்" என்றார். அதற்குள்ளேயே ஆறாயிரத்துச் சொச்சம் செலவு. என் கணவர், "இந்த ஓட்டை வண்டிக்கு இனி ஒரு பைசா கொடுக்க மாட்டேன். எடைக்குப் போட்டுடலாம்" என்று முடிவே கட்டிவிட்டார். வண்டி போனால் வியாபாரத்துக்கு எதில் போவது? கேட்டால், "உனக்கு என்ன தெரியும்? நீ போய் சாப்பாட்டை எடுத்து வை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எஸ்.எஸ்.எல்.சி. வரைதான் படிப்பு, நிஜந்தான். ஆனால் மிக்ஸி ஓடாவிட்டால் பிளக்கா, ஸ்விட்சா, மோட்டாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தெரியாதவளா நான்? அன்று மத்தியானம் காரிலிருந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்துக்கொண்டு, பிளஸ் டூ படிக்கிற என் மகளோடு உட்கார்ந்தேன். அவள் படித்துச் சொன்னாள். நான் வண்டியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

பழைய அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். என் பெரியப்பா டாக்ஸி வைத்திருந்தார். மழை நாளில் கிளம்பாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ஈரத்தைத் துடைப்பார். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பார். ஹாண்டில் போட்டுச் சுற்றுவார். வேலை முடிந்தது. அந்த வண்டியிலும் சரி, இன்றைய வண்டியிலும் சரி, அடிப்படை ஒன்றுதான். இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து வர வேண்டும். சரியான நேரத்தில் ஒரு பொறி விழ வேண்டும். நம் காஸ் அடுப்பு மாதிரியேதான்! காஸ் வந்தாலும் லைட்டர் பொறி தட்டாவிட்டால் எரியுமா? பாட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்திப் பிளக் முனையில் பொறி விழ வைப்பது 'இக்னீஷன் காயில்' என்கிற பாகம்.

புது வகை வண்டிகளில் இதற்கு மேல் ஒரு காவலாளியும் உண்டு. பெயர் இம்மொபைலைசர். கள்ளச்சாவி போட்டு வண்டியைக் கடத்தாமல் இருக்க வந்தது. ஜெர்மனியில் 1998-லும், கனடாவில் 2007-லும் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். நம் ஊரில் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய கார்கள் பலவற்றிலும் இது இருக்கிறது. இருப்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? சாவியின் கறுப்புத் தலைக்குள் ஒரு சின்னஞ்சிறு சிப் இருக்கிறது. சாவி போடுகிற துவாரத்தைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு கம்பிச் சுருள். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் சிப்பைத் தட்டி எழுப்பி, "உன் எண் என்ன?" என்று கேட்கிறது. சிப் சொல்கிற ரகசிய எண், வண்டியின் கம்ப்யூட்டரில் உள்ளதோடு ஒத்துப் போனால்தான் பெட்ரோலும் பொறியும் கிடைக்கும். ரேஷன் கடையில் கார்டு கையில் இருந்தாலும் கைரேகை ஒத்துப் போனால்தானே அரிசி? அதே கதைதான்!

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சிப்புக்குப் பாட்டரி வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பு வயர் இல்லாமலே பாத்திரத்தைச் சூடாக்குகிற மாதிரி, சுருளிலிருந்தே அதற்குச் சக்தி வந்துவிடும். சாவியில் இருக்கிற காசு மாதிரியான பாட்டரி, கதவு பூட்டுகிற பட்டனுக்கு மட்டும். ஆகவே பட்டன் வேலை செய்வதால் சிப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பட்டன் செத்துப் போனதால் சிப்பும் செத்தது என்றும் அர்த்தமில்லை. எங்கள் வீட்டில் ஏமாந்தது இந்த இடத்தில்தான்!

இனி, வண்டி கிளம்பாவிட்டால் காதாலும் கண்ணாலும் கண்டுபிடிக்கிற முறை. இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியே திரும்பவில்லையா? பயப்படாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கும். ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். பலமாக முறுக்கினால் சாவி உடையும்.

திருப்பினால் சத்தமே இல்லை, விளக்கும் மங்கலா? பாட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருக்கிறது. முழு சார்ஜ் உள்ள பாட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் நம்ப முடியாது.

"டக் டக் டக்" என்று வேகமாகத் தட்டுகிறதா? அதுவும் பெரும்பாலும் பாட்டரி பலவீனந்தான். ஒரே ஒரு "டக்", ஆனால் விளக்கெல்லாம் பளிச்சென்று இருக்கிறதா? அப்படியானால் செல்ஃப் மோட்டார் பக்கமோ, அதற்குப் போகிற கனத்த வயரிலோ கோளாறு.

"கர்ர்ர்" என்று நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? பாட்டரியும் செல்ஃபும் நல்லபடியாக இருக்கின்றன என்று அர்த்தம். இனி மூன்றுதான்: பெட்ரோல், பொறி, இம்மொபைலைசர். சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல், டாஷ்போர்டு விளக்குகள் எரிகிற இடத்தில் நிறுத்திக் கவனியுங்கள். பின் ஸீட்டுப் பக்கமிருந்து இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வந்தால் பெட்ரோல் பம்ப் ஓடுகிறது. அப்படியே டாஷ்போர்டைப் பாருங்கள். சாவிப் படமோ, பூட்டுப் படமோ போட்ட விளக்கு ஒன்று இருக்கும். அநேக வண்டிகளில் அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் மினுக் மினுக்கென்று மின்னினால், "இந்தச் சாவியை எனக்குத் தெரியவில்லை" என்று வண்டி சொல்கிறது. பிடித்த மாதிரி உறுமி இரண்டு விநாடியில் அணைவதும் இதற்கு ஒரு முக்கியமான அடையாளம். விளக்கின் பாஷை வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டியில் அந்த விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. நாலு நாளாக மின்னியிருக்கிறது! பானெட்டைத் திறந்து ஆளாளுக்கு எட்டிப் பார்த்தோமே தவிர, யாரும் அதைப் பார்க்கவில்லை.

கையேட்டில் அடுத்த வரி, "மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்" என்றது. மாற்றுச் சாவி! வண்டி வாங்கின அன்றைக்கு மஞ்சள் துணியில் முடிந்து, பீரோ லாக்கரில் என் தோட்டோடு வைத்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். கை நடுங்கியது. மகள்தான் திருப்பினாள். விளக்கு எரிந்தது, அணைந்தது. ஒரே சுற்று. வண்டி கிளம்பி, பூனை மாதிரி நின்று உறுமியது!

அவர் உள்ளேயிருந்து பனியனோடு ஓடி வந்தார். "யாரு மெக்கானிக்கைக் கூப்பிட்டது?" என்றார். "யாரும் வரலைங்க" என்றேன்.

அப்படியானால் பழைய சாவியின் சிப்? ரப்பர் பாண்டைக் கழற்றிப் பார்த்தோம். சிப் இருக்க வேண்டிய சின்னக் குழி காலி. வெள்ளிக்கிழமை விழுந்தபோது தெறித்துப் போயிருக்கிறது. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமை கூட்டும்போது பிரிட்ஜுக்கு அடியில், புளியங்கொட்டையில் பாதி அளவுக்குக் கறுப்பாக ஒரு சில்லு கிடந்தது. எதையும் தூக்கிப் போட மனசு வராத புத்தி எனக்கு. "ஏதோ ரிமோட்டிலிருந்து விழுந்தது" என்று, பித்தானும் ஊக்கும் போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்தேன். கொட்டிப் பார்த்தேன். இருந்தது! குழியில் வைத்து மூடினோம். பழைய சாவியிலும் வண்டி கிளம்பியது.

ஆறாயிரம் ரூபாய்ச் செலவுக்கும், அந்த ராத்திரி வண்டி கிளம்பாததற்கும் காரணமான சில்லு, ஐந்து நாளாக என் தையல் டப்பாவில் இருந்திருக்கிறது. யாரைக் குறை சொல்ல? மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்தார். "இனிமே பானெட்டைத் திறக்கும் முன்னாடி ரெண்டாவது சாவியைத்தான் கேப்பேன் அக்கா" என்று சொல்லி, புதுச் சாவிக்கூடு வாங்கி வந்து, என் கண் முன்னாலேயே சிப்பை மாற்றி வைத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். டிபன் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன்.

இன்னும் சில ஜாக்கிரதைகள்:

சாவிக்கூடு மாற்றக் கடையில் கொடுத்தால் பழைய கூட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டன் பலகையை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கூட்டோடு சிப்பைக் குப்பையில் போட்டுவிடுவது உண்டு.

வெறும் பல் வெட்டிய டூப்ளிகேட் சாவி, சிப் உள்ள வண்டியில் கதவைத் திறக்கும், இஞ்சினைக் கிளப்பாது. பழைய வண்டி வாங்கும்போது இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், அது நன்றாக இருக்கும்போதே முறையாக இன்னொன்று செய்துகொள்ளுங்கள். இரண்டும் தொலைந்த பிறகு செய்வது செலவும் அலைச்சலும்.

இரண்டு வண்டிகளின் சிப் சாவிகளை ஒரே வளையத்தில் கோக்காதீர்கள். ஒன்றின் பேச்சு மற்றதின் பேச்சில் குறுக்கிடலாம்.

பீரோ, கேட், கடை என்று வீட்டுக் கொத்துச்சாவி முழுவதையும் கார் சாவியோடு தொங்கவிடுகிற வழக்கத்தை விடுங்கள். கனத்தால் சாவி ஸ்விட்ச் தேய்ந்து, பள்ளத்தில் குலுங்கும்போது தானாக அணையக்கூடும். விளையாட்டில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014-ல் இருபத்தாறு லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்விட்ச் தளர்வாக இருந்ததால், சாவிக் கொத்தின் கனத்திலேயே ஓடுகிற வண்டி அணைந்து, காற்றுப் பையும் விரியாமல் போயிற்று. 124 பேர் இறந்ததாக நஷ்டஈட்டுக் கணக்கு முடிந்தது. ஓடுகிற வண்டி அணைந்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்; பலமாக மிதித்து, திருப்பி, ஓரம் கட்டுங்கள். நிற்கும் வரை சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பாட்டரி முனையைச் சுத்தம் செய்ய ஆப்ப சோடாவும் வெந்நீரும் போதும். முதலில் வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். உலோகம் இரண்டு முனையிலும் பட்டால் கை வெந்துவிடும். மைனஸ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மாட்டியபின் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் மறுபடி பூக்காது.

பத்து விநாடிக்கு மேல் விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிஷம் ஓய்வு கொடுங்கள். பாட்டரி பலவீனமானால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்; இம்மொபைலைசர் மறுத்தால் ஏற்காடு வரை தள்ளினாலும் பிரயோஜனமில்லை.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. உடைந்த சாவியிலிருந்து சிப் விழுந்தது போல, அந்தக் காசு பாட்டரியும் விழலாம். குழந்தை அதை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் பொத்துவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாவி விளையாட்டுச் சாமான் இல்லை.

"பொம்பளைக்கு எதுக்கு இஞ்சின் விஷயம்?" என்று யாராவது கேட்டால், பெர்த்தா பென்ஸ் அம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். 1888 ஆகஸ்டில், கணவர் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ஸ்ஹைம் என்ற ஊருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனவர். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பொறிக்குப் போகிற வயர் தோலுரிந்து போனது. காலுறைப் பட்டியைச் சுற்றிக் கட்டினார். உலகத்தில் முதல் நெடும் பயணம் போன காரின் இக்னீஷன் கோளாறைச் சரி செய்தவர் ஒரு குடும்பத் தலைவிதான்!

எங்கள் வண்டியை எடைக்குப் போடவில்லை. அவர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் வயலுக்குக் கிளம்பும்போது, "இந்தா, ஏதோ சத்தம் வருது, வந்து கேட்டுட்டுப் போ" என்று என்னைக் கூப்பிட்டார். அத்தை திண்ணையிலிருந்து, "அடுப்புல பால் இருக்கு, நான் பார்த்துக்கறேன். நீ போ" என்றார்.

சரி, இப்போது எழுந்து போய் உங்கள் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிடைத்தால் நாளைக் காலையில் ஒரு தடவை போட்டுக் கிளப்பிப் பாருங்கள். கிடைத்ததா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், மழை ஈரத்தில் இழுப்பு உள்ள பெரியவர்களை வீட்டில் எப்படிக் கவனிப்பது என்று எங்கள் அத்தையைக் கேட்டு எழுதுகிறேன்.